தொலைதூர விமான நிலையங்களுக்கு இடையே வான்வழித் தூரம்: என் கணக்கு எங்கே தவறுகிறது?

1. மேகத்தடம்

வணக்கம். மாணவர்களுக்காக ஒரு சுவர் வரைபடம் தயாரித்துக்கொண்டிருக்கிறேன். ஒன்றுக்கொன்று வெகு தொலைவில் இருக்கும் விமான நிலையங்களைக் கோட்டால் இணைத்து, பக்கத்தில் தூரத்தை எழுத வேண்டும். இணையக் கருவியில் போட்டால் நொடியில் எண் கிடைத்துவிடும், தெரியும். ஆனால் "இது எப்படி வந்தது?" என்று ஒரு பிள்ளை கேட்டால் பதில் சொல்ல முடிய வேண்டும். அதனால் நானே கணக்குப் போடுகிறேன்.

முதல் இணை சிட்னி – சிலியின் சாண்டியாகோ. சிட்னி தெற்கு 33.9461, கிழக்கு 151.1772. சாண்டியாகோ தெற்கு 33.3930, மேற்கு 70.7858. ஒரு பாகைக்கு 111 கி.மீ. என்று படித்திருக்கிறேன். அட்ச வித்தியாசத்தையும் தீர்க்க வித்தியாசத்தையும் 111-ஆல் பெருக்கி, பித்தகோரஸ் தேற்றத்தில் போட்டேன். எக்செல் தாளில் 24,638 கி.மீ. என்று வருகிறது. இணையக் கருவி சொல்வது இதில் பாதிக்கும் குறைவு. எங்கே பிழை?

2. பாகைமானி

நல்ல கேள்வி. பிழையைத் தேடுவதற்கு முன் ஒரு சோதனை. பூமியின் சராசரி ஆரம் 6,371 கி.மீ., சுற்றளவு சுமார் 40,030 கி.மீ. எந்த இரண்டு ஊர்களை எடுத்தாலும் அவற்றுக்கு நடுவே அதில் பாதிக்கு மேல் தூரம் இருக்க வழியில்லை. அதாவது 20,015 கி.மீ-தான் உச்சவரம்பு. உங்கள் எண் அதைத் தாண்டிவிட்டது, எனவே விடை தவறு என்பது வாய்பாடு தெரியாமலேயே தெரிந்துவிடுகிறது. இந்த 20,015-ஐ மாணவர்கள் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும் என்பேன்.

இரண்டு இடங்களில் வழுக்கியிருக்கிறீர்கள். கிழக்கு 151-க்கும் மேற்கு 70-க்கும் வித்தியாசம் 221.963 என்று கூட்டிவிட்டீர்கள். அது உலகை மறுபக்கமாகச் சுற்றிவரும் வழி. பசிபிக் கடலைக் கடந்து, 180 பாகைக் கோட்டைத் தாண்டிப் போனால் 360 − 221.963 = 138.037 பாகைதான்.

அடுத்தது, ஒரு பாகைக்கு 111 என்பது வடக்கு தெற்காக எங்கும் பொருந்தும். கிழக்கு மேற்காக நிலநடுக்கோட்டில் மட்டுமே பொருந்தும். துருவத்தை நோக்கிப் போகப் போக தீர்க்கரேகைகள் நெருங்கிவந்து கடைசியில் ஒரே புள்ளியில் சேர்ந்துவிடுகின்றன. உங்கள் இரு ஊர்களும் இருக்கும் சராசரி 33.67 பாகை அட்சத்தில் ஒரு தீர்க்கப் பாகையின் அகலம் 111.195 (அந்த 111-இன் துல்லிய மதிப்பு) × காஸ் (கோசைன்) 33.67, அதாவது 92.5 கி.மீ. 138.037-ஐ அதனால் பெருக்கினால் ஏறத்தாழ 12,770 கி.மீ.

ஆனால் இதுவும் விடை அல்ல.

3. மேகத்தடம்

நன்றி ஐயா. முதல் இரண்டும் புரிந்தன. கடைசி வரி புரியவில்லை. இரண்டு ஊர்களும் கிட்டத்தட்ட ஒரே அட்சத்தில் இருக்கின்றன. ஒன்றிலிருந்து நேர் கிழக்கே போனால் இன்னொன்று வந்துவிடும். அதைவிடக் குறுகிய வழி எப்படி இருக்க முடியும்?

4. பாகைமானி

தென்துருவத்தில் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். துருவத்தைச் சுற்றி 10 மீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் போடுங்கள். அந்த வட்டமும் ஓர் அட்சரேகைதான். நீங்கள் வட்டத்தின் ஒரு பக்கம், உங்கள் நண்பர் நேர் எதிர்ப்பக்கம். "ஒரே அட்சத்தில்தானே இருக்கிறோம், நேர் கிழக்கே நடந்து போகிறேன்" என்று அவர் வட்டத்தின் மேலேயே வந்தால் 31 மீட்டருக்கு மேல் நடக்க வேண்டும். துருவத்தின் குறுக்கே வந்தால் 20 மீட்டர். நேர் கிழக்கு என்பது நேர் கோடு அல்ல என்பது அங்கே கண்ணுக்குத் தெரிகிறது. 33 பாகையிலும் அதேதான் நடக்கிறது, வளைவு மெல்லியதாக இருப்பதால் கண்ணுக்குப் படுவதில்லை, அவ்வளவுதான்.

கோளத்தின் மேல் மிகக் குறுகிய வழி, இரு புள்ளிகளையும் பூமியின் மையத்தையும் தொடும்படி வெட்டினால் கிடைக்கும் வட்டத்தின் வில். அதைப் பெருவட்டம் என்கிறோம். நிலநடுக்கோடு ஒரு பெருவட்டம், தீர்க்கரேகைகள் பெருவட்டங்களின் பாதிகள். மற்ற அட்சரேகைகள் எதுவும் பெருவட்டம் அல்ல.

கணக்கைப் பார்ப்போம். இடையிலுள்ள கோணம் கோ என்றால்:

காஸ் கோ = (சைன் அ1 × சைன் அ2) + (காஸ் அ1 × காஸ் அ2 × காஸ் தீ)

அ1, அ2 இரு ஊர்களின் அட்சங்கள். தீ என்பது தீர்க்க வித்தியாசம். இரண்டும் தெற்கே இருப்பதால் இரண்டுக்கும் எதிர்க்குறி, பெருக்கும்போது அது போய்விடும்.

சைன்கள்: 0.558413 × 0.550379 = 0.307339
காஸ்கள்: 0.829563 × 0.834916 = 0.692615
காஸ் 138.037 = −0.743577
0.307339 − 0.515013 = −0.207674

இந்தக் காஸுக்குரிய கோணம் 101.986 பாகை. 111.195-ஆல் பெருக்கினால் 11,340 கி.மீ.

நேர் கிழக்கே போவதைவிட 1,400 கி.மீ-க்கு மேல் மிச்சம். தீ-க்கு 138.037-ஐப் போட்டாலும் 221.963-ஐப் போட்டாலும் காஸ் மதிப்பு ஒன்றுதான் என்பதையும் கவனியுங்கள். 180 பாகைக் கோட்டுத் தொல்லையை வாய்பாடே பார்த்துக்கொள்கிறது. எனக்கு இந்த வாய்பாட்டில் மிகவும் பிடித்தது அதுதான்.

வீட்டிலோ பள்ளியிலோ பூமி உருண்டை இருந்தால் ஒரு நூலை இரு ஊர்களின் மேலும் வைத்து இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நூல் தானாகத் தெற்கே இறங்கிப் போவது தெரியும்.

5. குறியாளன்

இதை எக்செல்லில் போடப்போகிறவர்களுக்கு, நான் அடிக்கடி திருத்திக் கொடுக்கும் பிழைகள் சில.

எக்செல்லின் சைன், காஸ் எல்லாம் ரேடியன் என்ற வேறொரு கோண அலகில்தான் வேலை செய்யும். பாகையை அப்படியே கொடுத்தால் பிழைச் செய்தி எதுவும் வராது, சாதாரணமாகத் தோன்றும் ஒரு தவறான எண்தான் வரும். ஆபத்து அதில்தான். 3.14159-ஆல் பெருக்கி 180-ஆல் வகுத்த பிறகே உள்ளே அனுப்புங்கள்.

மேலே உள்ள காஸ் வாய்பாடு தொலைதூரத்துக்கு நன்றாக வேலை செய்யும். பக்கத்து பக்கத்துப் புள்ளிகளுக்குக் காஸ் மதிப்பு 0.99999999 என்று 1-ஐ ஒட்டிக்கொள்ளும், தசம இடங்கள் போதாமல் விடை ஆட்டம் காணும். அதற்காகத்தான் ஹாவர்சைன் வாய்பாடு (ஆர்க் சைன் என்பது சைன் மதிப்பிலிருந்து கோணத்தைத் திரும்பப் பெறுவது):

க = சைன்²(அட்ச வித்தியாசத்தில் பாதி) + காஸ் அ1 × காஸ் அ2 × சைன்²(தீர்க்க வித்தியாசத்தில் பாதி)
தூரம் = 2 × 6,371 × ஆர்க் சைன்(√க)

இதே சிட்னி – சாண்டியாகோவைப் போட்டுப் பார்த்தேன். க = 0.603837, வர்க்கமூலம் 0.777069, கோணம் 50.993-இன் இருமடங்கு 101.986. அதே விடை. ஹாவர்சைன் என்ற பெயர் 1835-இல் ஜேம்ஸ் இன்மன் வைத்தது. கணினி இல்லாத காலத்தில் கப்பல் மாலுமிகள் இதற்கென்றே அட்டவணைப் புத்தகம் வைத்திருந்தார்கள்.

கோணத்தைக் கண்டுபிடிக்க ஆர்க் டான்-2 என்ற கட்டளையைப் பயன்படுத்துபவர்கள் கவனம்: பெரும்பாலான நிரல் மொழிகளில் முதலில் ஒய், அப்புறம் எக்ஸ். எக்செல்லில் வரிசை தலைகீழ். நிரலிலிருந்து வாய்பாட்டை அப்படியே எடுத்து ஒட்டுபவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது இதில் மாட்டுகிறார்கள்.

6. மேகத்தடம்

போட்டுப் பார்த்துவிட்டேன். முதல் தடவை 11,340-க்குப் பதில் 30 கி.மீ-க்கு மேல் கூடுதலாக வந்தது. வாய்பாட்டை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தேன், எல்லாம் சரி. ஒரு மணி நேரம் போன பிறகுதான் கண்டுபிடித்தேன். வேறொரு பட்டியலில் சாண்டியாகோ 33°23′35″, 70°47′09″ என்று பாகை, நிமிடம், விநாடியில் இருந்தது. அதை அவசரத்தில் 33.23, 70.47 என்று அடித்திருக்கிறேன். 23 நிமிடம் என்றால் 23/60 பாகை. சரியான மதிப்பு 33.3930. திருத்தியதும் 11,340 வந்தது.

7. நில அளவன்

மேகத்தடம் சொன்ன பிழை எங்கள் துறையிலும் உண்டு. சிட்னியின் 33°56′46″-ஐ 33.56 என்று படித்தால் அட்சத்தில் மட்டும் 43 கி.மீ. நகர்ந்துவிடும்.

பாகைமானி ஐயாவின் கணக்கு கோளத்துக்குச் சரி. பூமி சரியான கோளம் இல்லையே. நிலநடுக்கோட்டில் ஆரம் 6,378.137 கி.மீ., துருவத்தில் 6,356.752. ஜி.பி.எஸ். பயன்படுத்தும் டபிள்யூ.ஜி.எஸ்.-84 என்ற அளவுமுறை கொடுக்கும் எண்கள் இவை. விமான நிலையங்களின் ஆயங்களையும் (அட்ச, தீர்க்க எண்களையும்) 1998 ஜனவரி 1 முதல் இதே அளவுமுறையில்தான் வெளியிட வேண்டும் என்று சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு விதி வைத்திருக்கிறது. அதற்கு முன் ஒவ்வொரு நாடும் தன் சொந்த அளவுமுறையில் கொடுத்தது.

இப்படித் துருவங்களில் சற்றே தட்டையாக இருக்கும் பூமியில் வழி துருவத்தை நெருங்க நெருங்க வளைவு ஆரம் பெரிதாகிறது. சிட்னி – சாண்டியாகோ வழி பெரும்பகுதி தெற்கே ஓடுவதால் சரியான தூரம் சுமார் 25 கி.மீ. கூடும், 11,365-ஐ ஒட்டி வரும். விழுக்காட்டில் 0.2-தான். வேறு வழித்தடங்களில் குறையவும் செய்யும். பொதுவாகக் கோளக் கணக்கின் பிழை அரை விழுக்காட்டைத் தாண்டாது என்று வைத்துக்கொள்ளலாம்.

இதைத் துல்லியமாகப் போட 1975-இல் வின்சென்டி ஒரு முறை கொடுத்தார். பல ஆண்டுகள் எல்லோரும் அதைத்தான் பயன்படுத்தினோம். ஒரே குறை, பூமியின் நேர் எதிர்ப்பக்கத்தை ஒட்டிய புள்ளிகளுக்கு அது விடைக்கு வராமல் சுற்றிக்கொண்டே இருக்கும். 2013-இல் சார்ல்ஸ் கார்னி வெளியிட்ட முறை எந்த இணைக்கும் விடை தரும். நீங்கள் தொலைதூர இணைகளையே எடுக்கப்போவதால் இதைச் சொல்கிறேன். எதிர்ப்புள்ளிக்கு அருகே போகும் இணை ஏதாவது வந்தால் வின்சென்டியை நம்பாதீர்கள்.

இன்னொன்று. "விமான நிலையத்தின் ஆயம்" என்பது ஓடுபாதைகளின் நடுப்பகுதியை ஒட்டிய ஒரு குறிப்புப் புள்ளி. விமானம் தரையை விட்டு எழும் இடம் அதிலிருந்து ஓரிரு கிலோமீட்டர் தள்ளி இருக்கலாம். எனவே தூரத்தை மீட்டர் வரை எழுதுவதில் பொருளில்லை.

8. வான்வழி

இழையை இப்போதுதான் பார்த்தேன். விமானங்களுக்கு வழித்திட்டம் போடும் வேலையில் இருக்கிறேன். எல்லோரும் 25 கி.மீ-ஐப் பிடித்துக்கொண்டு வாதாடுகிறீர்கள், எங்கள் மேசையில் 25 கி.மீ. என்பது புறப்பட்ட பிறகு ஒரு திருப்பத்திலேயே போய்விடும்.

சிட்னி – சாண்டியாகோ தூரம் ஒன்றுதான், நேரம் ஒன்றல்ல. அந்த அட்சங்களில் காற்று மேற்கிலிருந்து கிழக்காக வீசுகிறது. விமானம் காற்றுக்குள் மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் போகிறது என்று வையுங்கள். சராசரியாக 100 கி.மீ. பின்காற்று இருந்தால் தரையைப் பொறுத்து 1,000. திரும்பி வரும்போது அதே காற்று எதிர்க்காற்று, 800. 11,340 கி.மீ-ஐ முதலில் 11.3 மணியில் கடக்கும், திரும்பும்போது 14.2 மணி ஆகும். காற்றுக்குள் அது கடந்த தூரம் போகும்போது 10,206 கி.மீ., வரும்போது 12,757 கி.மீ. எரிபொருளை நாங்கள் இந்த இரண்டாவது வகைத் தூரத்தை வைத்துத்தான் போடுகிறோம். வரைபடத்தில் நீளமாகத் தெரியும் வழி, நல்ல பின்காற்று கிடைத்தாலோ எதிர்க்காற்று குறைந்தாலோ காற்றுக்குள் குறுகியதாகிவிடும். அதனால்தான் திரும்பும் விமானம் பெருவட்டத்தை விட்டுவிட்டு வேறு அட்சத்தில் வருகிறது.

அப்புறம் அவசரத்துக்கு இறங்கும் இடம். இரட்டை எஞ்சின் விமானம் ஓர் எஞ்சின் நின்றாலும் குறிப்பிட்ட நிமிடங்களுக்குள் ஏதாவது ஒரு நிலையத்தை எட்ட வேண்டும். தெற்குப் பசிபிக்கில் நிலையங்களே அரிது. போயிங் 787-க்கு 2014-இல் 330 நிமிட அனுமதி கிடைத்தது இப்படிப்பட்ட வழித்தடங்களுக்குப் பெரிய திறப்பு.

மூடிய வான்பரப்பு வேறு. 2022 பிப்ரவரிக்குப் பிறகு ரஷ்யாவின் மேலே பறக்க முடியாமல் போனதும், ஹெல்சிங்கி – டோக்கியோ பயணம் சுமார் ஒன்பதரை மணியிலிருந்து 13 மணிக்குப் போனது. இரண்டு நகரங்களும் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன.

எனவே மேகத்தடம், நீங்கள் சுவரில் எழுதப்போகும் எண்ணுக்கு "வான்வழித் தூரம்" என்று பெயர் வைக்காதீர்கள். எந்த விமானமும் அந்தத் தூரத்தைப் பறப்பதில்லை.

9. பாகைமானி

வான்வழி சொன்னதில் ஒரு வார்த்தைக்கூடத் தப்பில்லை. ஆனாலும் சுவரில் எழுத வேண்டியது பெருவட்டத் தூரம்தான் என்பதில் நான் மாறமாட்டேன். இன்று பறந்த தூரம் நாளை மாறும், விமானத்துக்கு விமானம் மாறும். எந்த எண்ணை எழுதுவது? பெருவட்டத் தூரம் மட்டுமே இரண்டு இடங்களுக்கும் சொந்தமானது. மற்றவை அந்தந்த நாளுக்குச் சொந்தமானவை. காற்று எவ்வளவு விலக்கியது என்று பேச வேண்டுமானால் கூட, எதிலிருந்து விலகியது என்று ஒரு நிலையான எண் வேண்டாமா?

10. ஆம்பல்

இதில் சட்டமும் பாகைமானி ஐயா பக்கம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதிப்படி விமானத் தாமதத்துக்கும் ரத்துக்கும் இழப்பீடு தூரத்தை வைத்து 250, 400, 600 யூரோ என்று அமைகிறது. அந்தத் தூரத்தைப் பெருவட்ட முறையில் அளக்க வேண்டும் என்று விதியிலேயே இருக்கிறது. நடுவில் விமானம் மாறிப் போனால்? தொடக்க இடத்துக்கும் கடைசி இடத்துக்கும் நேராக அளக்க வேண்டும் என்று 2017-இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லிவிட்டது. சுற்றிப் போன தூரம் கணக்கில் வராது.

என் வேலை பயணங்களின் கரியமில வாயு உமிழ்வைக் கணக்கிடுவது. அங்கே வான்வழியின் கவலைக்கும் இடம் இருக்கிறது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் உமிழ்வுக் கணக்கு முறை பெருவட்டத் தூரத்தை எடுத்துக்கொண்டு, 550 கி.மீ-க்குக் குறைந்த பயணத்துக்கு 50, 5,500 வரை 100, அதற்கு மேல் 125 கி.மீ. கூட்டச் சொல்கிறது. சுற்றல், காத்திருப்பு, காற்று எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு சராசரி. ஐரோப்பாவின் உமிழ்வு வணிகத் திட்டம் எல்லாப் பயணத்துக்கும் 95 கி.மீ. கூட்டுகிறது. அடிப்படை எண் எல்லா இடத்திலும் பெருவட்டம்தான்.

11. வான்வழி

ஆம்பல் அக்கா சொல்வது சரி, ஆனால் அந்த 125 ஒரு சராசரி மட்டும்தான். 2018-இல் சிங்கப்பூர் – நியூவார்க் (நியூயார்க்கை ஒட்டிய விமான நிலையம்) நேரடிச் சேவை மீண்டும் தொடங்கியபோது பயணத் தூரம் ஏறக்குறைய 16,700 கி.மீ. என்று அறிவித்தார்கள். பெருவட்டத் தூரத்தை மேகத்தடமே போட்டுப் பார்க்கட்டும்.

12. மேகத்தடம்

போட்டேன். 15,340 கி.மீ. கிட்டத்தட்ட 1,360 கி.மீ. வித்தியாசம்! 125 இதற்கு எந்த மூலைக்கு? ஏன் இவ்வளவு?

13. பாகைமானி

இந்த இணையை மனக்கணக்காகவே சரிபார்க்கலாம். சிங்கப்பூர் கிழக்கு 104, நியூவார்க் மேற்கு 74. கூட்டினால் 178, அநேகமாக நேர் எதிர்த் தீர்க்கரேகை. அப்படியானால் வழி ஏறத்தாழ வடதுருவத்தின் மேலேயே போகும். சிங்கப்பூரிலிருந்து துருவத்துக்கு 90 − 1.35 = 88.65 பாகை. துருவத்திலிருந்து நியூவார்க்குக்கு 90 − 40.69 = 49.31. மொத்தம் 137.96. 111.195-ஆல் பெருக்கினால் 15,340. சைனும் வேண்டாம், காஸும் வேண்டாம். மாணவர்களுக்கு முதலில் இந்த இணையைக் காட்டுங்கள்.

14. வான்வழி

ஐயா சொன்னதுதான் காரணமும். பெருவட்டம் துருவத்திலிருந்து 300 கி.மீ-க்குள் போகிறது. துருவத்தை ஒட்டிய ஒரு வழியிலிருந்து எந்தப் பக்கம் விலகினாலும் தூரம் மெதுவாகத்தான் கூடும். அதனால் அந்த விமானங்கள் ஒரு நாள் பசிபிக் பக்கம் பின்காற்றைத் தேடிப் போகும், இன்னொரு நாள் ஐரோப்பா, அட்லாண்டிக் பக்கம் போகும். ஒரே இரு ஊர்கள், உலகின் எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு வழிகள்.

சரி, நான் ஒப்புக்கொள்கிறேன். சுவரில் பெருவட்டத் தூரம் இருக்கட்டும். தலைப்பில் "பெருவட்டத் தூரம்" என்று எழுதினால் எனக்கு எந்த மறுப்பும் இல்லை.

15. புதுவாசகன்

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். விமானம் 11 கி.மீ. உயரத்தில் போகிறதே, மேலே வில் இன்னும் நீளமாக இருக்காதா?

16. நில அளவன்

இருக்கும். ஆரம் 6,371 என்பது 6,382 ஆகிறது. 11,340 × 11 ÷ 6,371, கூடுதல் 20 கி.மீ. பூமி சரியான கோளமா, தட்டைக் கோளமா என்ற வித்தியாசத்தின் அளவுதான். தூரம் என்று சொல்லும்போது தரைமட்டத்தில் அளப்பதே வழக்கம்.

17. மேகத்தடம்

எல்லோருக்கும் நன்றி. தலைப்பு "பெருவட்டத் தூரம்". சிங்கப்பூர் – நியூவார்க் பக்கத்தில் பறக்கும் தூரம் 16,700 என்று சிறிய எழுத்தில் இருக்கும், காற்றைப் பற்றி ஒரு வரியும் சேர்த்துவிடுகிறேன்.

நேற்று 30 செ.மீ. விட்டமுள்ள உருண்டையில் நூல் சோதனையைச் செய்து பார்த்தோம். சிட்னியில் ஒரு மாணவி நூலைப் பிடித்துக்கொண்டாள், சாண்டியாகோவில் நான் இழுத்தேன். நூல் சறுக்கிச் சறுக்கித் தெற்கே போய் நின்றது. அளந்தால் 26.5 செ.மீ. அந்த உருண்டையில் ஒரு செ.மீ. 424.7 கி.மீ., ஆக 11,255 கி.மீ. வாய்பாட்டுக்கும் நூலுக்கும் 85 கி.மீ-தான் வித்தியாசம். நூல் பிடித்தவள் உடனே கேட்டாள்: "தென்துருவத்துக்கு மிக அருகில் எந்த இடத்தில் போகிறது?" உருண்டையில் 60-க்கும் 65-க்கும் நடுவே தெரிந்தது. கணக்கில் எப்படிக் காட்டுவது?

18. பாகைமானி

அவளுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள். இரு ஊர்களும் ஏறத்தாழ ஒரே அட்சத்தில் இருப்பதால் மிகத் தெற்கான புள்ளி வழியின் நடுவில்தான் வரும். தீர்க்க வித்தியாசத்தில் பாதி 69.02. அப்படியானால்

டான் (உச்ச அட்சம்) = டான் 33.67 ÷ காஸ் 69.02 = 0.666 ÷ 0.358 = 1.860

அதற்குரிய கோணம் 61.7 பாகை தெற்கு, மேற்கு 140 பாகைத் தீர்க்கரேகையை ஒட்டி. உருண்டையில் அந்த இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துவிட்டு நூலை மறுபடி இழுக்கச் சொல்லுங்கள்.